இருபதாயிரம் குழந்தைகளும் ஒரு புள்ளியியல் பாடமும்

கல்வித் துறையில் இன்று மிகுதியும் வழங்கும் சொற்களுள் ‘ஆராய்ச்சி’ என்பது ஒன்று. பயிற்சி பெறும் இளைய ஆசிரியர் செயலாய்வு ஒன்றை எழுதுகின்றார். பணியில் இருப்போர் மேற்பட்டம் வேண்டிப் பல்கலைக்கழகம் புகுந்தால் ஆய்வேடு எழுதுகின்றனர். அவ்வேடுகளைத் திறந்து பார்த்தால் பக்கந்தோறும் அட்டவணைகள் நிறைந்திருக்கக் காண்கிறோம். சராசரி இவ்வளவு, திட்ட விலக்கம் இவ்வளவு, ‘டி’ மதிப்பு இவ்வளவு, ‘பி’ மதிப்பு 0.05-க்குக் குறைவு, ஆகவே இக்கற்பித்தல் முறை பயனுடையது என்று முடிவும் கூறப்படுகின்றது. எண்கள் இருக்கின்றன. அவ்வெண்கள் எவ்வாறு பிறந்தன என்னும் வரலாற்றைத்தான் பெரும்பாலும் காண முடிவதில்லை.

எண்ணை எழுத்துக்கு முன்னே வைத்துப் பேசிய மரபு நம்முடையது. ஆயினும் புள்ளியியல் என்றதும் நம் ஆசிரியருட் பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். அஞ்சாதவரோ, கணினி தந்த விடையை வேதவாக்காகக் கொள்கின்றனர். அச்சமும் குருட்டு நம்பிக்கையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. இரண்டும் அக்கலையை நாம் கற்கும் முறையிலிருந்து பிறக்கின்றன. முதலில் சூத்திரம்; பிறகு கணினியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்னும் பயிற்சி; இறுதியில் அட்டவணையை ஆய்வேட்டில் ஒட்டும் வகை. இவ்வளவோடு பாடம் முடிந்துவிடுகின்றது. எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் மென்பொருள் 1968ஆம் ஆண்டில் தோன்றியது முதல் கணக்கிடும் உழைப்பு பெரிதும் குறைந்துவிட்டது. அது நன்மையே. ஆனால் கணக்கிடும் உழைப்போடு எண்ணிப்பார்க்கும் உழைப்பும் சேர்ந்து குறைந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியுள்ளது.

இம்முறை தலைகீழாக வேண்டும் என்பது என் கருத்து. சூத்திரத்திற்கு முன்னே ஒரு வழக்கைப் படிக்க வேண்டும். பிறர் செய்த ஆராய்ச்சி ஒன்றை எடுத்து, அஃது எங்கே வழுக்கியது என்று காண வேண்டும். அதற்கு மிகவும் ஏற்றதாக எனக்குத் தோன்றுவது, பள்ளிக்கூடத்திலேயே நடந்த, ஆசிரியர்களே கைபட நடத்திய ஓர் ஆராய்ச்சியாகும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

லானார்க்ஷயர் பால் ஆராய்ச்சி

1930ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் லானார்க்ஷயர் மாவட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் அவர்களுடைய வளர்ச்சி மிகுமா என்று அறிய ஒரு பெருமுயற்சி நடந்தது. 67 பள்ளிகள், 5 முதல் 12 வயது வரையுள்ள 20,000 பிள்ளைகள். அவர்களுள் 10,000 பேருக்கு நாள்தோறும் முக்கால் பைண்டு பால் வழங்கப்பட்டது. அப்பதினாயிரவருள் 5,000 பேர் காய்ச்சாத பாலும், மற்றை 5,000 பேர் பாஸ்டர் முறையில் சூடேற்றித் தூய்மை செய்த பாலும் பெற்றனர். எஞ்சிய 10,000 பேர் பால் பெறாது, ஒப்புநோக்குவதற்கென்று நின்றனர். பிப்ரவரித் திங்களில் அனைவருடைய உயரமும் எடையும் அளக்கப்பட்டன. நான்கு திங்கள் கழித்து ஜூனில் மீண்டும் அளக்கப்பட்டன. இதற்கு ஆன செலவு ஏறக்குறைய 7,500 பவுன்.

பால் குடித்த பிள்ளைகள் குடிக்காதவரினும் மிகுதியாக வளர்ந்தனர் என்றும், இருவகைப் பாலும் பயனில் ஒத்தனவே என்றும் அறிக்கை கூறிற்று. இருபதாயிரம் பேரை அளந்து கூறிய முடிவை யார் மறுக்க வல்லார்? எண்ணிக்கையின் பெருமையே வாயை அடைத்துவிடும் அன்றோ?

மறுக்க ஒருவர் வந்தார். அவர் பெயர் வில்லியம் சீலி காசெட். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையில் பணிபுரிந்தவர். வாற்கோதுமையையும் மதுவையும் சோதிக்கும் தொழிலில் மிகச் சில அளவுகளையே கொண்டு முடிவு காண வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. அந்நெருக்கடியிலிருந்து பிறந்ததே, இன்று நம் ஆய்வேடுகளிலெல்லாம் தவறாமல் இடம்பெறும் ‘டி’ சோதனை. 1908ஆம் ஆண்டில் அதனை அவர் வெளியிட்டபோது தம் பெயரை மறைத்து, ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரை இட்டுக்கொண்டார். ‘மாணவர்’ என்பது அதன் பொருள். அம்மாணவர் 1931ஆம் ஆண்டில் ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆராய்ச்சி இதழில் பால் ஆராய்ச்சியைப் பற்றி எழுதிய திறனாய்வு, சில பக்கங்களே உடையது; எனினும் ஆசிரியர் ஒவ்வொருவரும் கற்கத்தக்கது.

மாணவர் தந்த மதிப்பீடு

அவர் கூட்டலையோ வகுத்தலையோ பிழை என்று கூறவில்லை. பிள்ளைகள் இரு பிரிவாக எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பதையே முதற்கண் வினவினார். சில பள்ளிகளில் குலுக்கலாலும், சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசையாலும் பிரித்தனர். இதுவரை பெரிய குற்றம் இல்லை. ஆனால் அறிக்கையில் மேலும் ஒரு செய்தி இருந்தது. ஏதேனும் ஒரு பிரிவில் நன்கு உண்டு வளர்ந்த பிள்ளைகளோ, மெலிந்த பிள்ளைகளோ அளவுக்கு மிஞ்சி அமைந்துவிட்டால், ஆசிரியர்கள் சிலரை மாற்றிச் சமன் செய்துகொள்ள இசைவு அளிக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் அச்சு முறிந்தது. ஓர் ஆசிரியர் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள். வகுப்பில் மெலிந்த முகத்தோடு ஒரு பிள்ளை அமர்ந்திருக்கின்றது. பால் வழங்கும் பட்டியலில் அதன் பெயர் இல்லை. மாற்றுவதற்கு இசைவும் இருக்கின்றது. எந்த ஆசிரியர் கை அப்பெயரைப் பால் பட்டியலுக்கு நகர்த்தாது? தம்மை அறியாமலே அவ்வாறு செய்திருப்பர் என்று காசெட் கருதினார். விளைவு என்ன? ஆராய்ச்சி தொடங்கிய நாளிலேயே, பால் பெறாத பிள்ளைகள் பால் பெறும் பிள்ளைகளைவிட எடையில் ஏறக்குறைய மூன்று திங்கள் வளர்ச்சி அளவும், உயரத்தில் நான்கு திங்கள் வளர்ச்சி அளவும் முந்தி நின்றனர். நான்கு திங்களே நடந்த ஆராய்ச்சியில், தொடக்கத்திலேயே மூன்று நான்கு திங்கள் வேறுபாடு! ஓட்டப்பந்தயத்தில் இருவரை வேறு வேறு கோட்டில் நிறுத்திவிட்டு யார் விரைந்து ஓடினார் என்று கேட்பது போன்றது இது.

அடுத்து உடையை நோக்கினார். பிள்ளைகள் உடையோடு நிறுக்கப்பட்டனர். பிப்ரவரியில் கடுங்குளிர்; ஜூனில் வெயில். குளிர்காலத்துக் கனத்த உடை, வெயில் காலத்தில் மெல்லுடையாகும்போது நிறையில் குறைவு தோன்றும். வளமான வீட்டுப் பிள்ளைக்குக் கனத்த உடை உண்டு. ஆதலின் அப்பிள்ளைக்குக் குறைவும் மிகும். வறியவர் வீட்டுப் பிள்ளையோ இரு காலத்தும் ஏறக்குறைய ஒரே உடையையே உடுத்தியிருக்கும். வளமான பிள்ளைகள் பால் பெறாத பிரிவில் மிகுந்திருந்தால், அப்பிரிவின் எடை வளர்ச்சி உள்ளதினும் குறைந்தே தோன்றும். பால் பிரிவின் வளர்ச்சி அதற்கேற்ப உயர்ந்து தோன்றும். சட்டையின் எடை பாலின் பயனாகக் கணக்கில் ஏறிவிடும்!

மூன்றாவதாக, ஒரு பள்ளியில் ஒருவகைப் பாலே வழங்கப்பட்டது. காய்ச்சாத பால் ஒரு பள்ளியில். தூய்மை செய்த பால் வேறு பள்ளியில். ஆகவே இருவகைப் பாலையும் ஒப்பிடும்போது பள்ளியையும் ஊரையும் சேர்த்தே ஒப்பிடுகின்றோம். இன்னது பாலால் வந்தது, இன்னது ஊரால் வந்தது என்று பிரித்தல் இயலாது.

காசெட் பாலின் பகைவர் அல்லர். பால் நன்மை செய்யாது என்று அவர் கூறவில்லை. எவ்வளவு நன்மை செய்தது என்பதை இவ்வாராய்ச்சியிலிருந்து அறியக்கூடவில்லை என்றே கூறினார். கூறிவிட்டு வாளா இராமல் வழியும் காட்டினார். மீண்டும் செய்வதாயின், ஒரே வயதும் பாலும் உடைய, உயரத்திலும் எடையிலும் உடல் நிலையிலும் ஒத்த பிள்ளைகளை இருவர் இருவராக இணைத்துக்கொள்க. ஒவ்வோர் இணையிலும் யாருக்குப் பால் என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்க என்றார். ஒத்த உருவுடைய இரட்டையர் 50 இணையைக் கொண்டு செய்தால், இருபதாயிரம் பேரைக்கொண்டு செய்ததினும் நம்பத்தக்க முடிவு கிடைக்கும். செலவு நூற்றில் ஒன்றிரண்டு பங்கே ஆகும் என்றும் எழுதினார்.

திறனாய்வு என்றால் இதுவன்றோ திறனாய்வு! குற்றம் எங்குள்ளது என்று காட்டியது, குற்றம் செய்தவரை இகழாது, அதன் வேர் இரக்கம் என்று உணர்ந்தது, மாற்றும் கூறியது. அதில் ஒரு குறையைச் சொல்லலாம். ஒத்த இரட்டையர் எல்லாப் பள்ளியிலும் கிடைப்பதில்லை. ஆயிரம் பேற்றில் மூன்று நான்கே அவ்வாறு அமைவன. நம் தோட்டப் பள்ளிகளில் தேடினால் ஓர் இணையும் கிட்டாமல் போகலாம். ஆயினும் முதலில் கூறிய வழி, இணைத்து நாணயம் சுண்டும் வழி, எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். எட்டுப் பேர் உள்ள வகுப்பிலும் நான்கு இணைகள் உண்டு.

பானையில் இட்ட ஓலை

‘நாணயம் சுண்டுவதும் சீட்டுக் குலுக்குவதும் அறிவுக்கு ஒத்த செயலா? ஆசிரியருக்குத் தம் மாணவரைத் தெரியாதா?’ என்று கேட்பாருண்டு. தெரிவதனால்தான் சீட்டு வேண்டியிருக்கின்றது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஊரவையினரைத் தேர்ந்த முறை கூறப்படுகின்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிப் பானையில் இட்டு, பலர் அறிய, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அச்சிறுவன் கை யாரையும் விரும்பாது, யாரையும் வெறுக்காது. ஆராய்ச்சியில் நாம் வேண்டுவதும் அத்தகைய கையே. தகுதியை வகுப்பது அறிவின் வேலை. அதன்பின் பிரிப்பது பானையின் வேலை. பானை பிரித்ததை ஆசிரியர் மீண்டும் திருத்தினால், அஃது ஆசிரியர் பிரித்ததே ஆகிவிடும். லானார்க்ஷயரில் நடந்தது இதுதான்.

இரக்கம் எங்கே போவது என்று கேட்கலாம். நலிந்த பிள்ளைக்கு உதவி கிட்டாமல் நிறுத்தி வைப்பது அறமாகுமா? அதற்கும் வழியுண்டு. முதற் பருவத்தில் ஒரு பாதிக்கும், இரண்டாம் பருவத்தில் மறு பாதிக்கும் புதிய பயிற்சியை அளிக்கலாம். யார் முன், யார் பின் என்பதை மட்டும் சீட்டுக்கு விட்டுவிடலாம். ஒருவரும் இழப்பதில்லை, நாமும் உண்மையை அறிவோம்.

என் கணக்கில் கண்ட பிழை

பிறர் பிழையைப் பேசிய வாயால் என் பிழையையும் பேசுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவருள் முதல் மாதத் தேர்வில் கடைநிலையில் நின்றோரைத் தேர்ந்தெடுத்து, பள்ளி விட்டபின் ஆறு வாரம் வாசிப்புப் பயிற்சி அளித்தேன். அடுத்த தேர்வில் ஏறக்குறைய எல்லாரும் உயர்ந்தனர். மகிழ்ந்தேன், அறிக்கை எழுதினேன், பாராட்டும் பெற்றேன். மறு ஆண்டும் அதனையே தொடர்ந்தேன். பிள்ளைகள் மாலை விளையாட்டை இழந்தனர். பெற்றோர் தனியாக வண்டி ஏற்பாடு செய்தனர்.

ஒருநாள் பழைய மதிப்பெண் பதிவேடுகளைப் புரட்டினேன். பயிற்சி ஒன்றும் அளிக்காத முந்தைய ஆண்டுகளிலும், முதல் தேர்வில் கடைநிலையில் நின்ற பிள்ளைகள் இரண்டாம் தேர்வில் பெரும்பாலும் உயர்ந்தே இருந்தனர். முதல் தேர்வில் முன்னணியில் நின்றோர் சிறிது இறங்கியும் இருந்தனர். என் பயிற்சி தந்ததாக நான் எண்ணிய உயர்வில் பெரும்பகுதி, பயிற்சி இல்லாமலே வரக்கூடியது!

இதன் காரணத்தை பிரான்சிஸ் கால்டன் 1886ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கின்றார். பெற்றோர் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்ட அவர், மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானோரின் பிள்ளைகள் அவர்களைவிடச் சற்று நெட்டையாகவும் இருக்கக் கண்டார். ஓர அளவுகள் நடுவை நோக்கித் திரும்பும் என்பது இதன் கருத்து. தேர்வு மதிப்பெண்ணிலும் இதுவே நிகழ்கின்றது. ஒரு நாள் மதிப்பெண்ணில் மாணவன் அறிவும் உண்டு. அன்றைய காய்ச்சலும், வீட்டுச் சண்டையும், தெரியாத வினாவும் உண்டு. கடைநிலையில் நின்றோருள் பலருக்கு அன்றைய நாள் தீயநாள். தீயநாள் எல்லாத் தேர்விலும் வருவதில்லை. ஆகவே அடுத்த முறை உயர்கின்றனர்.

முன் தேர்வு, பயிற்சி, பின் தேர்வு என்று மூன்றே படியில் எழுதப்படும் செயலாய்வுகளில் இக்குற்றம் ஒளிந்துகொள்ள இடம் மிகுதி. ‘பின்தங்கிய மாணவர் ஐவரைத் தேர்ந்தெடுத்தேன்’ என்று தொடங்கும் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம், பயிற்சி பெறாத ஐவர் அதே நிலையில் இருந்து என்னவாயினர் என்று கேட்கவேண்டும். அக்கேள்விக்கு விடையில்லையாயின், ‘டி’ மதிப்பு எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை.

எண்ணவேண்டியது மாணவரையா, வகுப்பையா?

இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டில் நெவில் பென்னட் என்பார் கற்பித்தல் பாணிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 37 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் வகுப்புகளை ஆராய்ந்து, கட்டுப்பாடான பழைய முறையில் கற்ற மாணவர் மிகுதியாக முன்னேறினர் என்று அதில் கூறினார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக எடுத்துப் பேசின. புதிய முறை ஆசிரியர்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். பின்னர் 1981ஆம் ஆண்டில் மர்ரே எய்ட்கின் என்னும் புள்ளியியலாரும் பென்னட்டும் பிறரும் அதே விவரங்களை மீண்டும் ஆராய்ந்தனர். ஒரே ஆசிரியரிடம் கற்கும் மாணவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பர் என்பதைக் கணக்கில் கொண்டபோது, பாணிகளுக்கிடையே கூறப்பட்ட வேறுபாடு உறுதியற்றுப் போயிற்று.

இதனைப் புரிந்துகொள்ளச் சூத்திரம் வேண்டா. ஒரு வகுப்பில் 30 மாணவர் இருந்தால், ஆசிரியர் பாணியைப் பொறுத்தவரை அவர்கள் 30 சாட்சிகள் அல்லர். ஒரே ஆசிரியரைப் பற்றி ஒரே அறையிலிருந்து வந்த சாட்சிகள். இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டு, ‘60 மாணவரைச் சோதித்தேன்’ என்று எழுதுவோர், உண்மையில் இரண்டு ஆசிரியரையே ஒப்பிட்டிருக்கின்றனர். இவ்வழக்கில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. தம் நூலால் பெரும்புகழ் எய்திய பென்னட், மறு ஆராய்ச்சியில் தாமே பங்குகொண்டார். தம் முடிவு தளர்வதைத் தம் பெயராலேயே வெளியிட்டார். ஆராய்ச்சியாளருக்கு அணிகலன் அந்நேர்மையே.

சிறு பள்ளியின் வழக்கு

இவையெல்லாம் ஆய்வேடு எழுதுவோர்க்கு மட்டும் உரியன என்று எண்ணற்க. நம் தமிழ்ப்பள்ளிகளின் மானமே சிலபோது இதில் அடங்கியுள்ளது. மலேசியாவில் 150-க்குக் குறைந்த மாணவரையுடைய பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி எனப்படும். நம் தோட்டப் பள்ளிகளுட் பல இவ்வகையின. ஆறாம் ஆண்டு வகுப்பில் எட்டுப் பேர் இருப்பதும் உண்டு.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு மாணவரும் தேறுவதற்கு நூற்றுக்கு 80 வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியரும் மாறவில்லை, கற்பித்தலும் மாறவில்லை. எட்டுப் பேர் வகுப்பில், ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கு ஒருமுறை எண்மரும் தேறுவர். அன்று மாலையும் மேளமும். ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஐவரோ அதற்குக் குறைந்தோரோ தேறுவர். தேர்ச்சி விழுக்காடு 62.5-க்கு மேல் ஏறாது. அன்று விளக்கக் கடிதம். அதே வாய்ப்புடைய 32 பேர் வகுப்பில், விழுக்காடு 62.5 அளவுக்குத் தாழ்வது நூறு ஆண்டில் இருமுறைகூட நிகழாது. எண்மர் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினால் 12.5 விழுக்காடு போயிற்று. நாற்பதின்மர் வகுப்பில் 2.5 விழுக்காடே போகும்.

எண்ணிக்கை நான்கு மடங்கானால் ஊசலாட்டம் பாதியாகும் என்னும் இவ்விதியைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆபிரகாம் டி மாய்வர் கூறியுள்ளார். இதனை அறியாமையால் விளையும் கேட்டை ஹோவர்டு வெய்னர் என்னும் அமெரிக்கப் புள்ளியியலார் 2007ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார். பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை வரிசைப்படுத்தினால், உச்சியிலும் சிறு பள்ளிகள் தம் அளவுக்கு மிஞ்சி நிற்கின்றன. அடியிலும் அவ்வாறே நிற்கின்றன. உச்சியை மட்டும் கண்டோர் சிறு பள்ளியே சிறந்தது என்று முடிவு கட்டினர். அடியை மட்டும் கண்டோர் அதனை மூடிவிட நினைப்பர். இருவரும் கண்டது சிறுமையின் ஊசலாட்டத்தையே.

ஆறாம் ஆண்டு முடிவில் நடைபெற்று வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் விழுக்காட்டைக் கொண்டு பள்ளியை அளக்கும் பழக்கம் தேர்வோடு நீங்கிவிடவில்லை. ஆகவே ஒரு சிறு பள்ளியைப் பற்றிப் பேசுவோர் ஓராண்டு விழுக்காட்டைப் பேசாது, ஐந்தாண்டுத் தொகையைப் பேசுக. விழுக்காட்டோடு தலைகளின் எண்ணிக்கையையும் கூறுக. ‘எண்மருள் ஐவர்’ என்று சொன்னால் கேட்பவர் அறிவு விழிக்கும், ‘62.5 விழுக்காடு’ என்று சொன்னால் உறங்கும். இவ்வளவு தெரிந்த தலைமையாசிரியர் தம் பள்ளிக்காக வாதாடலாம். வெற்றி வந்த ஆண்டில் அளவோடு மகிழவும் அவருக்குத் தெரியும். தோல்விக்கு மட்டும் புள்ளியியலைத் துணைக்கு அழைப்பது நேர்மையாகாது.

எவ்வாறு கற்பது?

புள்ளியியல் பகுப்பாய்வைக் கற்கப் புகும் ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் சில உண்டு.

முதலாவது, கணக்கிடுமுன் வரைந்து பார்க்க வேண்டும். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்பவர் 1973ஆம் ஆண்டில் நான்கு தொகுதிகளை அமைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் முதல் வரிசைச் சராசரி 9. இரண்டாம் வரிசைச் சராசரி 7.5, ஒட்டுறவு 0.82. அட்டவணையில் நான்கும் ஒன்றே. தாளில் புள்ளி வைத்துப் பார்த்தாலோ, ஒன்று சாய்ந்த வரிசை, ஒன்று வளைந்த கோடு, ஒன்று நேர்கோட்டினின்று விலகிய ஒரு புள்ளியை உடையது, ஒன்று ஒரே புள்ளியால் தாங்கப்படுவது. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் போதும், கணினி காட்டாததைக் கண் காட்டிவிடும்.

இரண்டாவது, ‘பி’ மதிப்பை அதன் இடத்தில் வைக்க வேண்டும். வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இத்துணை வேறுபாடோ இதனினும் மிக்கதோ தற்செயலாய்த் தோன்றுதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையே அது கூறும். முறை பயனுடையது என்பதற்கு நூற்றுக்கு 95 உறுதி என்று அது கூறுவதில்லை. பயன் பெரிதா சிறிதா என்றும் கூறுவதில்லை. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016ஆம் ஆண்டில் இதனை அறிக்கையாகவே வெளியிட்டது. ரொனால்டு பிஷர் 1925ஆம் ஆண்டு நூலில் வசதிக்காகக் குறித்த 0.05 என்னும் எல்லை, பிற்காலத்தாரால் சட்டமாக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஆய்வேட்டில் ‘பி’ மதிப்போடு, மாணவர் எத்தனை மதிப்பெண் உயர்ந்தனர் என்பதையும் தெளிவாக எழுதவேண்டும். இரண்டு மதிப்பெண் உயர ஆறு வாரம் செலவிட்டோமாயின், அது தகுமா என்று படிப்போர் முடிவு செய்துகொள்வர்.

மூன்றாவது, தனியே கற்காது கூடிக் கற்க வேண்டும். ஒரு வட்டாரத்து ஆசிரியர் நால்வர் ஐவர் திங்களுக்கு ஒருமுறை கூடி, ஓர் ஆய்வேட்டை நடுவில் வைத்து வினவிப் பழகலாம். பிள்ளைகளைப் பிரித்தவர் யார்? எதனால் பிரித்தார்? அளந்தவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியுமா? இடையில் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர்? அளவில் உடையின் எடை கலந்துள்ளதா? இவ்வினாக்களுக்கு உயர் கணிதம் வேண்டா; வகுப்பறையில் பல்லாண்டு நின்றவரின் அனுபவமே வேண்டும். பல்கலைக்கழகத்தாருக்குக் கிட்டாத அவ்வனுபவம் நம்மிடம் இருக்கின்றது.

ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் பயிற்சி இவ்வரிசையில் அமைந்தால் நலம். முதல் வகுப்பில் லானார்க்ஷயர் வழக்கைப் படிக்கட்டும். இரண்டாம் வகுப்பில் தம் பள்ளிப் பதிவேட்டு எண்களைக் கையால் வரையட்டும். அதன்பின் சூத்திரம் வரட்டும், கணினியும் வரட்டும். பசி வந்தபின் இட்ட சோறு செரிக்கும். வினா பிறந்தபின் கற்ற சூத்திரமும் நிலைக்கும்.

லானார்க்ஷயர் ஆசிரியர்கள் தீயோர் அல்லர். மெலிந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க விரும்பிய நல்லோர். ஆனால் அந்நன்மை கணக்கேட்டுக்குள் நுழைந்ததனால், பால் எவ்வளவு உதவும் என்று நாடு அறியவேண்டிய உண்மை மறைந்துபோயிற்று. நானும் என் மாணவர்க்கு நன்மை செய்வதாக எண்ணியே அவர்களுடைய மாலைகளை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளிடத்து அன்பு நமக்கு உண்டு, அதில் ஐயமில்லை. அவ்வன்பு வீண்போகாமல் காக்க, நம் செயலை நாமே ஐயுற்று அளக்கும் பழக்கமும் வேண்டும். அடுத்த மாதத் தேர்வு முடிந்தவுடன், மதிப்பெண் பதிவேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுமுன், முந்தைய ஆண்டுப் பதிவேட்டையும் அருகில் விரித்து வைத்து ஒருமுறை பாருங்கள். புள்ளியியல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.